சலோமி சொல்லிக்கொடுத்த பதில்கள்

சந்தனசாமி பிரெஞ்சுப் படையில் பதினெட்டு ஆண்டு இருந்தவர். காரைக்கால் பக்கத்துத் தருமபுரத்தில் இன்னும் அவரைச் சொல்தா, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய், என்றுதான் சொல்வார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு பிப்ரவரியில் கோவில்பத்துக்கு ரொட்டி வாங்கப் போனவரை, சாயங்காலம் வரிச்சிக்குடி வயலில் இருந்து அழைத்து வந்தார்கள். வரப்பில் உட்கார்ந்து யாருக்கோ காத்திருந்தாராம்.

பிரான்சில் தூலோனிலிருந்து மகன் எழுதினான். பாண்டிச்சேரி டாக்டர் மார்ச் பதினான்காம் தேதி காரைக்கால் வருகிறார். அப்பாவின் ஞாபகத்தைச் சோதிப்பார். குறை இருந்தால் அப்பாவை இங்கே தூலோனில் ஒரு முதியோர் விடுதியில் சேர்த்துவிடலாம். அம்மாவைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை.

அவர் மனைவி சலோமி அதை மூன்று முறை படித்தாள்.

பிலோமின்ராஜும் பழைய சொல்தா. போன வருடம் அதே டாக்டரிடம் போய் வந்தவர். எல்லோருக்கும் அதே கேள்விகள்தான் என்றார். பிரெஞ்சுப் பதில்களைக் காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். சலோமிக்குப் பிரெஞ்சு தெரியாது. ஓசையை மனப்பாடம் செய்தாள்.

"நீ பேசுற பிரெஞ்ச கேட்டிருந்தா வெள்ளக்காரன் அம்பத்தி நாலு வரைக்கும் இருந்திருக்க மாட்டான் தங்கச்சி. முன்னாடியே கப்பலேறியிருப்பான்."

பிலோமின்ராஜ் சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

தினமும் காலையில் கணவரை மேசைக்கு எதிரே உட்காரவைத்தாள். தேதி. ஊர். பிறகு நினைவில் வைக்க வேண்டிய மூன்று சொற்கள்: போர்த், லூன், ஷ்வால். கதவு, நிலா, குதிரை. தவறினால் மேசையைத் தட்டினாள். இரண்டாவது வாரம் அவர் தவறவில்லை. அவளை வாங்க, போங்க என்று பேசவும் தொடங்கியிருந்தார். நாற்பது வருடத்தில் அப்படிப் பேசியதில்லை. கேலி செய்கிறார் என்று நினைத்தாள்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். பிரெஞ்சில் கேட்டார். சலோமி கையில் தாளை மடித்து வைத்துக்கொண்டு ஓசைகளை எண்ணினாள். ஒன்றும் தப்பவில்லை. கடைசியில் ஷ்வால் வந்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

டாக்டர் தன் கேள்வித்தாளைத் திருப்பினார். வீட்டில் தமிழ் பேசுகிறவர்களிடம் தமிழிலும் கேட்க வேண்டும் என்றார். போன வருடம் அது இல்லை. டாக்டர் சலோமியைக் காட்டிக் கேட்டார்.

"இவங்க யாருங்க?"

சந்தனசாமி அவளைப் பார்த்தார். மரியாதையாகச் சிரித்தார்.

"டீச்சரம்மா. காலையில வந்து பாடம் சொல்லிக் குடுக்குறாங்க. கொஞ்சம் கண்டிப்பு."

டாக்டர் பேனாவை வைத்தார். உங்கள் மனைவி எங்கே என்று மெதுவாகக் கேட்டார்.

"சலோமியா? வெளியில நிப்பா. பயந்தவ, உள்ள வரமாட்டா. நான் பாஸானா அவகிட்ட சொல்லிடுங்க."

சலோமி கதவைப் பார்த்தாள்.