இரட்டைத் தையல்

டீச்சரின் புதுக் கார் சீட் கவர் கடைவாசலில் நின்றது. டிரைவர் சீட்டின் கதவோர மடிப்பில் ஒரு துணித் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. கவர் தைக்கும் அவன் அதை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக் கத்தரிக்கோலை வைத்தான்.

“ஐயோ, அதை ஏன் வெட்டுறீங்க?”

“கம்பெனி பேரு போட்ட துண்டு மேடம். இது இருந்தா கவர் உப்பிக்கிட்டு நிக்கும்.”

நாலு வருடமாக வெட்டிக்கொண்டிருக்கிறான். எறிய மனமில்லாமல் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தான்.

டீச்சர் வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டி ஒரு படத்தைக் காட்டினார். ஒரு காரைப் பக்கவாட்டில் இன்னொரு கார் இடிக்கிறது. சீட்டின் ஓரம் பிளந்து, ஓட்டுபவரின் விலாவுக்கும் கதவுக்கும் நடுவே வெள்ளைப் பை வீங்கி நிற்கிறது.

“ஏர்பேக் ஸ்டீயரிங்லதானே மேடம் இருக்கும்?”

“அது முன்னாடி மோதினா. இது பக்கத்துல மோதினா. உள்ள பை இருக்குன்னு சொல்லத்தான் அந்தத் துண்டு. மேல கவர் போட்டு இறுக்கித் தெச்சா அது எப்படிங்க வெளிய வரும்?”

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

அக்காவின் வண்டிக்குப் போன மாதம் கவர் போட்டான். ஓரம் தொளதொள என்று இருக்கிறது என்றாள் அக்கா. தம்பி கைவேலையை நாலு பேர் பார்ப்பார்களாம். அந்த ஓரத்தில் நைலான் நூலால் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தான். “உன் பேரன் ஓட்டுற காலத்துலகூடப் பிரியாதுக்கா.”

இன்று அக்கா அந்த வண்டியில்தான் வருகிறாள். பத்து மணிக்குக் கிளம்பினாள். மூன்று மணி நேரம், லாரிகள் ஓடும் சாலை. இப்போது பதினொன்றரை.

போனை எடுத்தான். எண்ணைத் தொடப் போன விரல் நின்றது. அக்காவின் போன் கைப்பையில் இருக்கும், பை பின்சீட்டில். மணி அடித்தால் எடுக்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது. ஓட்டிக்கொண்டே திரும்பித் துழாவுவாள். போனைப் பாக்கெட்டில் போட்டான். மறுபடி எடுத்தான்.

டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னான். “பெல்ட் போட்டிருப்பாங்கல்ல?” என்றார் டீச்சர்.

“போடுவா. முதுகை ஒட்டி நேரா உக்காருவா. அவ பக்கம் ஒரு தப்பும் இல்ல மேடம்.”

டீச்சர் வண்டியைக் கவர் போடாமலே எடுத்துக்கொண்டு போனார். வாங்கி வைத்த டீயில் ஆடை கட்டியது. நூல் அறுக்கும் கத்தியை எடுத்தான், வைத்தான். வாசலுக்குப் போனான், வந்தான். தெருமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. தேய்ந்து மறையும்வரை நின்றான்.

ஒரு மணி ஆனது. ஒன்றேகால் ஆனது.

ஒன்றரைக்கு அக்காவின் கார் தெருவுக்குள் திரும்பியது.

“ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? கையில கத்தி வேற.”

“இறங்குக்கா.”

“வந்தவள வான்னு கேக்க மாட்டியா? பசிச்சுது, வழியில சாப்பிட்டேன். அதுக்கா இந்த மூஞ்சி?”

“இறங்குன்னா இறங்கு.”

அவள் பெல்ட்டைக் கழற்றி இறங்கினாள். அவன் தையலில் கத்தியை வைத்து இழுத்தான். நூல் அறுபடவில்லை. இன்னொரு இழுப்பு. வியர்வை கண்ணில் இறங்கியது.

“டேய், புதுசுடா! பைத்தியமா உனக்கு?”

கவரை உருவித் தரையில் போட்ட பிறகுதான் சொன்னான். அக்கா வெறும் சீட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

“எனக்கு மட்டும்தான் இப்படித் தெச்சியா?”

அவன் உள்ளே போய் பிஸ்கட் டப்பாவை மேசையில் கவிழ்த்தான். துண்டுகள் குவிந்தன. சில தரையில் விழுந்தன.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “ஆர்டர் நோட்டு எங்க? நம்பர நான் படிக்கிறேன்.”

முதல் எண்ணில் மூன்றாவது மணிக்கு ஒருவன் எடுத்தான்.

“அண்ணே! நீங்களா? கவர் சும்மா கல்லு மாதிரி இருக்குண்ணே, ஒரு இழைகூட விடல.” பின்னால் ஹாரன் கேட்டது.

“தம்பி, இப்ப எங்க இருக்கீங்க?”

“வண்டியிலதாண்ணே.”

“முதல்ல வண்டிய ஓரமா நிறுத்துங்க” என்றான்.