குளிர் அறையில் ஒரு ஒத்திகை

பனிமலைக்குப் போகலாம் என்று எங்கள் வீட்டில் பேச்சு ஆரம்பித்ததுமே நான் செய்த முதல் காரியம், என் வீட்டுக்காரரோடு சண்டை போட்டதுதான்.

பெரியவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. கிளம்புவதற்கு முன்னால் நாலு பேருமாக எங்கேயாவது போய்வர வேண்டும் என்று அவள்தான் ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் போகிற சின்னவள் உடனே, "பனி! பனி!" என்று குதித்தாள். மூன்றே நாள் பயணம். ரயிலில் போய் அடிவாரத்து ஊரில் தங்குவது, மறுநாள் கேபிள் காரில் உச்சிக்கு ஏறிப் பனியில் ஆடுவது, அதற்கடுத்த நாள் திரும்பிவிடுவது. பெரியவள் போனில் படங்களைக் காட்டினாள். கறுத்த பைன் மரங்களுக்கு மேலே வெள்ளை வெளேரென்று மலை. எனக்கும் ஆசை பற்றிக்கொண்டது. தையல் மெஷின் முன்னால் குனிந்து குனிந்தே காலம் ஓடிவிட்டது. அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்த என் வீட்டுக்காரர், "நல்ல யோசனை. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் வீட்டப் பாத்துக்கறேன்" என்றார்.

"வீடு எங்கயும் ஓடிப்போயிடாது. அதுக்குக் காவல் வேணாம்" என்றேன்.

"அட, குளிரப் பாக்கறதுக்கு டிக்கெட் எடுத்துட்டுப் போகச் சொல்றியா? நான் சம்பளம் வாங்கிட்டுல்ல தினமும் பாக்கறேன்!"

பெண்கள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு வேலை குளிர்பதனக் கிடங்கில். மீன், இறைச்சி, பட்டாணி என்று உறைந்த பெட்டிகளை அடுக்குவது, இறக்குவது. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில் அடித்தாலும் உள்ளே மைனஸ் இருபது. அதனால் விடுமுறை என்றால் மொட்டை மாடியில் வெயிலுக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்துவிடுவார், பூனை கெட்டது போங்கள். அவருக்குப் பனிமலை கசக்கும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மகள் வீட்டை விட்டுப் போகப்போகிறாள். இனி எப்போது நாலு பேரும் ஒரே அறையில் படுத்தெழுந்து, ஒரே ஜன்னலில் எட்டிப் பார்க்கப்போகிறோம்? அவர் வராத மலை எனக்கு எதற்கு? இதை இப்படியே சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும், அதனால் தட்டை ணங்கென்று வைத்துவிட்டு, "உங்களுக்கு எங்களவிட அந்த மாடி நாற்காலிதான் ஒசத்தி" என்று எழுந்து போய்விட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், வரமாட்டேன் என்ற மனுஷன்தான் ஏற்பாடுகளை வரிந்துகட்டிக்கொண்டு செய்தார். பருத்தி பனியன் கூடாதாம், வேர்வையில் நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிருமாம். காலுறை இறுக்கமாக இருக்கக் கூடாதாம். "இரும்ப மட்டும் வெறுங்கையால தொட்டுறாதீங்க. தோலப் பிடிச்சுக்கும், சொல்லிட்டேன்" என்று சின்னவளிடம் தினமும் ஒரு தடவை சொன்னார். பக்கத்து வீட்டு பஸ் டிரைவரிடம் இரண்டு கோட்டு இரவல் வாங்கி வந்தார். என் பழைய கோட்டுக்கு உள்ளே கம்பளியை வைத்துத் தைக்கச் சொல்லி, நான் தைக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

"வராதவருக்கு எதுக்கு இவ்ளோ அக்கறை?" என்று கேட்டேன்.

"நீங்க போய் நடுங்கிட்டு நின்னா என் தொழிலுக்கே கேவலம் இல்லியா?" என்றார்.

கோட்டு தைத்து முடிந்ததும் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பார்கள். இவர், "இது தாங்குமா தாங்காதான்னு மலைக்குப் போயித்தான் தெரிஞ்சுக்கணுமா? இங்கயே பாத்துருவோம்" என்று கிடங்கில் அனுமதி வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, வேலை குறைவாக இருக்கிற நேரத்தில், குடும்பத்தோடு குளிர் அறைக்குள் போய் நிற்பதாக ஏற்பாடு.

கிளம்பும்போது வழக்கம்போலச் சட்டையைத் திறந்து போட்டபடி என் முன்னால் வந்து நின்றார். கொஞ்ச காலமாக இப்படி ஒரு பழக்கம் அவருக்கு. பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டும். "வயசு ஏற ஏற மாப்பிள்ளைக்குக் கொஞ்சல் கேக்குது பாரு" என்பேன். சின்னவள், "ஐயோ, காலங்காத்தாலயா!" என்று கண்ணைப் பொத்திக்கொள்வாள். அவரோடு சண்டை நடக்கிற நாளிலும் இதை நான் நிறுத்தியதில்லை. உள்ளூர எனக்கு அது அவ்வளவு பிடிக்கும்.

கிடங்கு வாசலில் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரரைவிட வயதில் சின்னவர். "வாங்க அண்ணி, நம்ம மலைக்கு டிக்கெட் கிடையாது, ஃப்ரீதான்!" என்று சிரித்தார். "ஆனா ரொம்ப நேரம் நிக்கக் கூடாது. அண்ணன் உள்ள ராஜாதான், இருந்தாலும் ரூல் ரூல்தான்."

ஒரு சாண் தடிமனில் கதவு. அதற்குப் பின்னால் பட்டை பட்டையாகத் தொங்கும் பிளாஸ்டிக் திரை. அதை விலக்கி உள்ளே காலை வைத்ததும் மூக்கின் உள்பக்கம் விறைத்துப்போனது. கூரை வரைக்கும் இரும்புத் தட்டுகள், தட்டு நிறையப் பெட்டிகள். மேலே விசிறிகள் இரைந்துகொண்டே இருந்தன, பேசினால் கத்தித்தான் பேச வேண்டும். பெண்களுக்குக் கொண்டாட்டம். வாயைத் திறந்து புகை விட்டார்கள், தட்டின் ஓரத்தில் படிந்திருந்த பொடிப்பனியைக் கையுறையாலேயே சுரண்டி ஒருத்தி மேல் ஒருத்தி தூவிக்கொண்டார்கள். நானும் முதலில் சிரித்தேன். பிறகு காது வலிக்க ஆரம்பித்தது. இந்த இரைச்சலில், இந்த மஞ்சள் வெளிச்சத்தில், ஜன்னலே இல்லாத இந்த இடத்திலா இந்த மனுஷன் இத்தனை வருஷம் நின்றிருக்கிறார் என்று நினைத்ததும், மாடி நாற்காலியைப் பற்றி நான் சொன்ன வார்த்தை என்னையே குத்தியது.

சின்னவளின் கோட்டு ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. "இங்க வா" என்று அவர் இரண்டு கையுறைகளையும் கழற்றிவிட்டுக் குனிந்தார். ஜிப்பைப் பிடித்தார், நழுவியது. மறுபடி பிடித்தார், மறுபடியும் நழுவியது. விரல்கள் ஜிப்பின் மேல் இருக்கின்றனவா இல்லையா என்று கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் பிடித்தார். ஒருவழியாக மேலே இழுத்துவிட்டு நிமிர்ந்தவர், இடது கையைப் பக்கத்து இரும்புத் தட்டில் ஊன்றிக்கொண்டு, "சரியா இருக்கா?" என்று அவளைக் கேட்டார்.

சின்னவள், "அப்பா! கை! இரும்புல!" என்று அலறினாள்.

அவர் திரும்பித் தன் கையைப் பார்த்தார். யாரோ வைத்துவிட்டுப் போன கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பிய்த்து எடுத்தார். தோல் கொஞ்சம் தட்டிலேயே நின்றுவிட்டது. பெரியவள் "ஸ்..." என்று தன் கையை இழுத்துக்கொண்டாள். அவருக்கு வலிக்கவே இல்லை. விரல்கள் நுனி வரைக்கும் மெழுகுவத்தி வெள்ளையில் இருந்தன.

எனக்கு அப்போதுதான் பொத்தான் ஞாபகம் வந்தது.

ஆட்கள் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் சின்ன அறையில் அவரை உட்கார வைத்தோம். சூப்பர்வைசர் வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு வாளியில் கொண்டுவந்து வைத்தார்.

"எவ்ளோ நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணுமில்ல, விடு."

"எவ்ளோ நாளான்னு கேக்கறேன்ல!"

"மொதல்ல நுனி மட்டும் மரத்துப்போகும். அப்புறம் அது போகவே இல்ல. காலைல எந்திரிச்சா பொத்தான் கையில நிக்காது." தண்ணீருக்குள் இருந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ அதக் கொஞ்சல்னு நெனச்சு சந்தோசமா கேலி பண்ணுன. அத எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "நீங்கல்லாம் ஒரு மனுஷனா! டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். குளிர் பக்கமே போகாதேன்னாரு. பெரியவ ஒரு வேலைல உக்கார்ற வரைக்கும் ஓட்டிடலாம்னு இருந்தேன். இங்கன்னா விரல் வெளுத்ததும் வெளிய ஓடி வந்துருவேன். மலை மேல எங்க ஓடுறது? நீங்க மூணு பேரும் பனியப் பாக்காம என் கையவே பாத்துட்டு நிப்பீங்க."

நாங்கள் மூன்று பேரும் அப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெளிய லாரிப் பக்கம் மாத்தியிருப்பேனே, அண்ணே" என்றார் சூப்பர்வைசர்.

"மாத்தாம வீட்டுக்கு அனுப்பிட்டா?"

சூப்பர்வைசர் குனிந்து வாளியை அவருக்குக் கிட்டே நகர்த்தி வைத்தார். "நாளைக்கு நானே மேனேஜர்கிட்ட பேசறேன். அதுவரைக்கும் நீங்க உள்ள கால வைக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் இரவல் கோட்டுகளை மடித்து வைத்தேன். "மலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்றேன்.

அவர் கத்தினார். அவர் கத்தி நாங்கள் கேட்டதே இல்லை. "பாத்தியா? இதுக்குத்தான் சொல்லல! என் விரலுக்காகப் புள்ளைங்க ஆசைய அறுக்காத!"

"யாரு அறுக்கறாங்க?" என்றாள் பெரியவள். அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்தவள், அதை அவர் முன்னால் வைத்தாள். அதே மலை, கோடைக்காலத்தில். அடிவாரம் முழுக்கப் பச்சைப் புல், மஞ்சள் பூ. உச்சியில் மட்டும் பனி. "இப்ப வேணாம்ப்பா. கோடைல போலாம். நான் லீவு போட்டுட்டு நேரா அங்க வந்துடறேன். மேல ஏறவே வேணாம், கீழ உக்காந்து பாத்தாலே தெரியும்."

"அப்ப நான் பனியத் தொட முடியாதா?" என்று சின்னவள் கேட்டுவிட்டு, அப்பாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். "பரவால்ல. அதான் இன்னைக்குத் தொட்டாச்சே."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெயில் அடிக்குமா அங்க?"

"நல்லா அடிக்குமாம். புல்வெளி ஓரமா பெஞ்சு கூடப் போட்டிருக்காங்க, பாருங்க."

அவர் குனிந்து போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்.

மறுநாள் காலையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். தோள் மட்டும் அசைந்தது. கட்டுப் போட்ட கையை வைத்துக்கொண்டு தானே பொத்தான் போடப் பார்க்கிறார். போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினேன். மேல் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

"என்ன, இன்னைக்குக் கேலி ஒண்ணும் காணோம்?" என்றார்.

நான் கடைசிப் பொத்தானைப் போட்டேன். அவர் குனிந்து, பெண்களுக்குக் கேட்காத குரலில், "பெரியவகிட்ட சொல்லு. நாலு டிக்கெட்டாப் போடச் சொல்லு" என்றார்.

"அங்கயும் தினமும் பொத்தான் நான்தான் போடணுமா, மாப்பிள்ளை?"

"பின்ன? வேற யாரு போடுவா?"