தும்பை பூத்த மூலை

கல்லறைத் திருநாள் நெருங்கியதும் ஊரே கல்லறைகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. ஆல்பர்ட் மட்டும் மனைவி அருள்செல்வியின் கல்லறையைத் தொடவில்லை.

அவள் படுத்திருந்த மூலை முழுக்க முழங்கால் உயரத்துக்குத் தும்பை பூத்திருந்தது. அருள்செல்வி வளர்த்த தேனீக்களில் மிஞ்சியது வீட்டுக் கொல்லையில் ஒரே பெட்டி. சுற்றிலும் திராட்சைத் தோட்டம். மருந்தடிக்காத நாளில்லை. மழை மாதத்தில் அந்தப் பெட்டிக்குச் சோறு போட்டது இந்தத் தும்பைதான்.

புல் வெட்டும் மெஷினோடு வந்த வேல்பாண்டியை ஆல்பர்ட் நிறுத்தினார்.

"பாதையை வெட்டிக்க. இந்த மூலை பூ உதிர்ற வரைக்கும் கெடக்கட்டும்."

"பொண்டாட்டி கல்லறையில காடு வளக்குறாருனு பேசுவாகண்ணே."

"பேசட்டும். அவளுக்குத் தேனீதான் முக்கியம்."

"அப்பச் சரி. அக்கா உசுரோட இருக்கையிலயும் நீங்க அவுக பேச்சை மீறுனதில்லையே" என்று சிரித்தபடி வேல்பாண்டி மெஷினை மறுபக்கம் திருப்பினான்.

திருநாளுக்கு முந்தின நாள் மெழுகுவத்தியும் மாலையும் வாங்க ஆல்பர்ட் கம்பம் டவுனுக்குப் போனார். அவர் கிளம்பிய பிறகுதான் கொழுந்தியாள் சகாயராணி திண்டுக்கல்லில் இருந்து வந்து இறங்கினாள். பையைக்கூட வைக்காமல் கல்லறைக்குப் போனவள், அக்காள் மட்டும் செடிக்குள் புதைந்து கிடப்பதைக் கண்டு அழுதாள். பக்கத்து வீட்டில் மண்வெட்டியும் சுண்ணாம்பு வாளியும் வாங்கி வந்தாள்.

சாயங்காலம் ஆல்பர்ட் வந்தபோது மூலை மொட்டையாக இருந்தது. கல்லறை வெள்ளை வெளேரென்று நின்றது.

"பாருங்க மச்சான். இப்பத்தான் எங்கக்கா பேரே தெரியுது. வேரோட பிடுங்கிட்டேன், இனிமே மொளைக்காது."

அவள் நீட்டிய உள்ளங்கைகளில் கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்தது. சுவரோரம் குவித்திருந்த தும்பையில், வாடிய பூக்களுக்குள் இரண்டு மூன்று தேனீக்கள் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தன. ஆல்பர்ட் அந்தக் கைகளையே பார்த்தார்.

"நல்லாருக்கு ஆத்தா. போயி மருந்து போடு."

கொஞ்ச நாளில் பெட்டியின் இரைச்சல் அடங்கியது. மூடியைத் திறந்தபோது காய்ந்த தேனடைகள் மட்டுமே இருந்தன. தேனீக்கள் மொத்தமாகப் பறந்து போய்விட்டன.

கிறிஸ்துமசுக்குச் சகாயராணி போன் செய்தாள். "எங்கக்கா எப்பவும் ஒரு பாட்டில் தேன் குடுத்து விடும். இந்தத் தடவை இருக்கா மச்சான்?"

"மழை கூடிப்போச்சு ஆத்தா. தேன் சேரல."

"அது கெடக்கட்டும். வர்ற வருசமும் நானே வந்து சுத்தம் பண்ணிர்றேன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீக."

"சரி" என்றார் ஆல்பர்ட்.