எதுவுமே முளைக்காத தட்டு

எங்கள் நான்கு வயது மகளுக்கு வயிற்றுப்போக்கில் ரத்தம் வந்த காலையில், என் கணவர் முதலில் தேடியது டாக்டரை அல்ல, ப்ளீச்சிங் பவுடரை. வீட்டில் அவருக்குப் பெயரே பளிச். கடையிலிருந்து எது வந்தாலும் கழுவித்தான் உள்ளே வர வேண்டும். விட்டால் விருந்தாளியையும் ஊறப்போட்டுவிடுவார்.

டாக்டரம்மா மலப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். "ரிசல்ட் வர்ற வரைக்கும் ஆன்டிபயாடிக் குடுத்துடாதீங்க. ஒரு கிருமி இருக்கு, அதுவா இருந்தா அந்த மருந்தே கிட்னிக்கு ஆபத்தாயிடலாம். தண்ணி மட்டும் விடாம குடுங்க."

கிட்னி என்றதும் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். லேப்பில் கொடுத்த டப்பாவில் மலத்தை எடுத்துப் போய்க் கொடுத்தது பளிச்தான். கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்க வேண்டுமாம், நாளாகும் என்றார்கள். அதுவரை பிள்ளை ஈரத்துணியாகத் துவண்டு கிடந்தாள்.

ரிசல்ட் போனில் வந்தது. நோய்க்கிருமி எதுவும் வளரவில்லை.

"பாத்தியா, அந்தக் கிட்னிக் கிருமி இல்ல!" பளிச் துள்ளிக் குதித்தார். "இனிமே என்ன பயம்? போன தடவை வாங்கின ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கு. ஒரு ஸ்பூன் குடுத்துடலாம்."

ரத்தம் இன்னும் நிற்கவில்லை. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஸ்பூனை அவள் உதட்டருகே கொண்டுபோனேன். அப்போது டாக்டரம்மாவின் அழைப்பு வந்தது. பளிச் ஸ்பீக்கரில் போட்டார்.

"லேப்ல பேசினேன். தட்டுல எதுவுமே முளைக்கலையாம்."

"நல்லதுதானே டாக்டர்?"

"நல்லதா? நல்லா இருக்கிறவங்க மலத்துலயே கோடிக்கணக்குல கிருமி இருக்குங்க. ஒண்ணுகூட வரலன்னா எல்லாத்தையும் ஏதோ கொன்னிருக்கு. டப்பாவுல என்ன போட்டீங்க?"

பளிச்சின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒண்ணும் போடலை டாக்டர். முன்னாடியே டப்பாவை உள்ளயும் கழுவினேன்."

"எதுல?"

"ப்ளீச்ல. எத்தனை பேர் கை பட்டுதோன்னு..."

"சீல் வச்ச டப்பாய்யா அது!" என்று கத்தினேன். ஸ்பூனிலிருந்த மருந்து என் புடவையில் கொட்டியது. அந்த நிமிடம் அந்த மனிதரைக் கடித்துக் குதறியிருப்பேன். மடியில் பிள்ளை இருந்ததால் பிழைத்தார்.

பிள்ளையை வாரிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இந்த முறை டப்பாவை நர்ஸே பிரித்தார். கிருமி முளைக்கும்வரை காத்திருக்காமல் அதன் மரபணுவையே தேடும் பரிசோதனையாம். மாலைக்குள் விடை வந்துவிட்டது. டாக்டரம்மா பயந்த அதே கிருமி.

"மருந்து உள்ள போச்சா?"

"வாய் வரைக்கும் போச்சு டாக்டர். உள்ள போகல."

அவர் நாற்காலியில் சாய்ந்து மூச்சுவிட்டார். "அதுவரைக்கும் பொழைச்சோம். ஆனா கிட்னி தப்பிச்சுதான்னு இப்பவே சொல்ல முடியாது. யூரின் போறாளான்னு பாக்கணும். போனா கீழ கொட்டிடாதீங்க, அளக்கணும்."

ஊசி வழியே சலைன் ஏறியது. சிறுநீர் வரவில்லை. கிட்னி கெட்டால் கால் வீங்குமாம்; நான் அவளுடைய இன்னும் வீங்காத கால்களை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். பளிச் கட்டிலின் மறுபக்கம் நின்றார். அவரிடம் வாய் திறந்தால் என்ன சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

விடிந்து வெகுநேரம் கழித்து அவள் முனகினாள். "அப்பா, ஒண்ணுக்கு."

அவர்தான் பாத்திரத்தை வைத்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

நர்ஸ் வேறு அறையில் இருந்தார். பாத்திரத்தை மேசைமேல் வைக்கச் சொன்னேன். பளிச் கேட்கவில்லை.

"யாராவது தட்டி விட்டுட்டா?"

இரண்டு கைகளாலும் அதை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி நின்றார். விளிம்பில் வழிந்தது அவர் விரல்களில் பட்டது. அவர் கையை எடுக்கவில்லை.