பல்லிளிப்பானில் விழுந்த பெட்டி

என் சகலையை எனக்குப் பிடிக்காது. நேரில் பார்த்தால் ‘வாங்க சகலை’ என்பேன். மனசுக்குள் அவன் ‘அவன்’தான். மனசுக்குள் இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அக்காவை அவன் கட்டினான், தங்கையை நான் கட்டினேன். அவன் டிப்ளமா. நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, முப்பத்தாறு வருஷம் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கியவன். என் வீட்டில் குழாய் ஒழுகினாலும் மின்விசிறி சுற்றாவிட்டாலும் என் மனைவி வாயில் வருவது ஒரே சொல்தான்: “அத்தானைக் கேளுங்க.” எனக்கு நெஞ்சு வலித்த அன்றுகூட டாக்டருக்கு முன்னால் அவனுக்குத்தான் போன் போனது. அவனும் ஓடி வந்தான். ஓடி வந்ததுதான் எனக்கு இன்னும் வலித்தது.

அவன் ஓய்வு பெற்றபின் வைஃபை பெட்டி மாட்டும் தொழிலில் இறங்கினான். எங்கள் குடியிருப்பில் முப்பத்தொரு வீடுகளில் அவன் மாட்டிய பெட்டி, எல்லாம் ஒரே மாதிரி, இரண்டு கொம்பு வைத்தது. என் வீட்டில் மட்டும் இனாம். “நம்ம வீடு, காசு என்னத்துக்கு?” என்றான். பிடிக்காதவன் கையால் இனாம் வாங்கிப் பார்த்தவனுக்குத்தான் அதன் கசப்பு தெரியும்.

ஒரு புதன்கிழமை காலை. என் மனைவி அக்காவோடு போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். படம் நின்று நின்று வந்தது. உடனே அத்தானுக்குப் போன். அத்தான் சாயங்காலம்தான் வருவாராம்.

“அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க,” என்றாள்.

தொடாதே என்றால் தொடுகிற கை எனக்கு. பெட்டியை அணைத்துப் போட போனிலேயே ஒரு பக்கம் உண்டு, அதை அவன் திறந்ததைப் பார்த்திருக்கிறேன். திறந்தேன். பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. எதைப் போட்டாலும் தப்பு என்றது. என் வீட்டுச் சுவரில், என் ஆணியில் தொங்குகிற பெட்டி, என்னையே யார் என்று கேட்கிறது! ஆத்திரம் தாங்கவில்லை. பெயர் கேட்கிறாயா, இந்தா பெயர் என்று, அவனைப் பற்றி மனசில் கிடந்ததையெல்லாம் ஒற்றை விரலால் தமிழில் அடித்தேன். அரை மணி நேரம் ஆனது. அடித்து அனுப்பினேன்.

பெட்டியின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன.

“ஐயோ, என்ன பண்ணினீங்க?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“மின்சாரம் ஏறி இறங்குது,” என்றேன்.

இரண்டு நிமிஷத்தில் பெட்டி தானாக உயிர் பிடித்தது. எனக்குச் சந்தேகம். நான் சந்தேகப்படாத பொருள் உலகத்தில் கிடையாது. சுருக்கமாக ஒரு வசவு அடித்தேன். ‘தப்பு’ என்று மட்டும் சொன்னது. பழைய நீளத்தை முழுதாக அடித்தேன். செத்தது. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் செத்தது. வார்த்தைகளில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைத்து, எழுத்து மாறாமல் நாள்காட்டித் தாளின் பின்னால் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே அவனிடம் சொல்லியிருக்கலாம். வந்தான், எதையோ தட்டினான், படம் சரியானது, டீ குடித்தான், போனான். நான் வாயைத் திறக்கவில்லை. தனியாகச் சொன்னால் சத்தமில்லாமல் சரி செய்துவிட்டுப் போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமை அவனும் அக்காவும் சாப்பிட வருவார்கள். என் மனைவி கண் முன்னால் சொல்ல வேண்டும். நாற்பது வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவள் அவனைப் பார்க்கிற பார்வையை என் பக்கம் திருப்ப வேண்டும். அதற்காக நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஞாயிறு மதியம் இலையில் சோறு விழுவதற்கு முன்னால் ஆரம்பித்தேன்.

“சகலை, நீங்க மாட்டின பெட்டி சொத்தை.”

“என்ன சொத்தை?”

“பேர் கேக்குற இடத்துல நீளமா எதையாவது அடிச்சா செத்துப் போகுது. முப்பத்தொரு வீட்டுலயும் அதே பெட்டிதானே?”

அவன் சிரிக்கவில்லை. எழுந்து போனை எடுத்தான். ‘ஏ’ என்கிற இங்கிலீஷ் எழுத்தையே வரிசையாக அடித்தான். இருநூறு எழுத்துக்கு மேல் அந்தப் பக்கம் வாங்கவில்லை. அனுப்பினான். விளக்குகள் அசையவில்லை. இன்னொரு தடவை அனுப்பினான். கல் மாதிரி நின்றது பெட்டி.

“ஒண்ணும் ஆகலையே சகலை.”

“உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?” என்றாள் என் மனைவி. “அத்தானை நிம்மதியா ரெண்டு வாய் சாப்பிட விடுங்க. வந்தவரைப் போய்ச் சொத்தை அது இதுன்னுக்கிட்டு...”

என் சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது. எடுத்தால், அவனைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது வீடு முழுக்கத் தெரிந்துபோகும். எடுக்காவிட்டால் நான் பொய்யன், கூடவே பொறாமை பிடித்தவன். பொறாமை பிடித்தவன் என்பது உண்மை. பொய்யன் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எடுத்து நீட்டினேன். “இதை அடிச்சுப் பாருங்க. எழுத்து மாறக் கூடாது.”

படித்தான். அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து அக்காவும் படித்தாள். அவன் நிதானமாக அடித்தான். அனுப்பினான்.

விளக்குகள் அணைந்தன.

“அடேயப்பா,” என்றான்.

பெட்டி மறுபடி எழும்வரை காத்திருந்து, துண்டு துண்டாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தான். பார்ப்பதோடு விட்டானா? வாய்விட்டுப் படித்தான்.

“‘எண்ணெய் தடவின மண்டை ஏணி ஏறத் தெரியாத இன்ஜினியர்’... இது வரைக்கும் நிக்குது. ‘ஊரான் வீட்டு ஒயரில் பவுசு காட்டுற’... இதுக்கும் நிக்குது. ‘பல்லிளிப்பான்’. ஆங், இங்கதான் சகலை! பல்லிளிப்பான்ல விழுந்துடுது.”

“யாரைப் பத்தி இது?” என்றாள் என் மனைவி.

“எண்ணெய் தடவின மண்டை இந்த வீட்டுல எத்தனை இருக்கு?” என்றாள் அக்கா. “ஏணியும் சரியாத்தான் சொல்லியிருக்கார். ரெண்டாவது படியிலயே இவருக்குக் கால் நடுங்கும்.” சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

என் மனைவி சிரிக்கவில்லை.

அவன் அதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. நெற்றி வியர்த்துவிட்டது. “இங்கிலீஷ் எழுத்து ஒண்ணு ஒரு இடம் எடுத்துக்கும். நம்ம எழுத்து மூணு இடம். கால், கொம்பு, புள்ளிக்கெல்லாம் தனியா மும்மூணு. பெட்டி செஞ்சவனுங்க இருநூறு எழுத்துன்னு எண்ணி விடுறானுங்க. உள்ளே இருக்கிறது எரநூத்தம்பத்தாறு இடம். இங்கிலீஷ்னா அடங்கிடும். தமிழ்னா வழிஞ்சு ஓடுது.”

“வழிஞ்சா என்ன அத்தான், தொடச்சு விட்டாப் போச்சு,” என்றாள் என் மனைவி.

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. நினைவகம் என்றான், அடுக்கு என்றான், திரும்பும் முகவரி என்றான். அவள் கண் மங்கியது. எனக்கோ பளிச்சென்று விளங்கிவிட்டது.

“கிடங்குல ஒவ்வொரு கட்டத்துக்கும் தரையில மஞ்சக் கோடு போட்டிருக்கும்,” என்றேன். “என் கட்டத்துல நூறு மூட்டைதான் கொள்ளும். நூத்திப்பத்து இறக்கினா பத்து மூட்டை கோடு தாண்டி அடுத்த கட்டத்துல கிடக்கும். அடுத்த கட்டத்து ஆளு யாரு மூட்டைன்னு கேக்க மாட்டான். தன் கட்டத்துல கிடந்தா தன் சரக்கு. தூக்கி லாரியில போட்டுடுவான். தப்பா ஏத்துனா குளறுபடி, இந்தப் பெட்டி விழுறது அதனாலதான். ஆனா விவரமான திருடன் இருக்கான் பாரு, அவன் அந்தப் பத்து மூட்டைக்கு மேலே தானே சீட்டு எழுதி ஒட்டி அனுப்புவான். சரக்கு அவன் சொன்ன ஊருக்குப் போகும். நம்ம ஆளே ஏத்தி விடுவான்.”

“அதேதான்!” என்றான் அவன். “பெட்டி திருடன் சொல் கேக்கும். நாம போனுல பாக்குறது, பேசுறது, எந்தப் பக்கம் போகுதோ அதையே அவன் மாத்தி விடலாம்.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் எதிர்பார்த்த அதே பார்வை. ஒரு மூச்சு விடும் நேரம் இருந்திருக்கும்.

அதற்குள் அவன் பேசினான். “தப்பு என் மேலயும் இருக்கு. வீடு வீடா படியேற சோம்பல்பட்டு, அந்தப் பக்கத்தை வெளியிலேர்ந்தும் திறக்குற மாதிரி வச்சிருக்கேன். என் வீட்டுல உக்காந்தே சரி பண்ணலாம்னு. முப்பத்தொரு வீட்டுக் கதவும் தெருவைப் பாத்துத் திறந்து கிடக்கு.”

இதுதான் நான் நாலு நாளாகக் காத்திருந்த பழம். கையில் விழுந்துவிட்டது. கடிப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். “பாத்தீங்களா, எவ்வளவு தைரியமா ஒத்துக்கிட்டார்! வேற யாராவதுன்னா பூசி மெழுகியிருப்பாங்க.”

அவன் சாப்பாட்டைத் தொடவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் வெளிக்கதவை போனிலிருந்தே மூடினான். பிறகு தாளை மடித்தான். “செஞ்ச கம்பெனிக்கு எழுதணும். இந்த வரியை அப்படியே அனுப்பணும் சகலை.”

“அர்த்தம் கேட்டா?”

“குடும்ப விஷயம்னு எழுதிடறேன்.”

அவர்கள் போனபின் என் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “நாப்பது வருஷத்துல எனக்கு ஒரு வரி எழுதினதில்லை. அத்தானுக்கு அரை மணி நேரம் குந்தி எழுதியிருக்கீங்க.” அவள் குரலில் இருந்தது கோபமில்லை. அது என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும், நான் தினமும் தின்கிற சோறு அது.

மறுநாளிலிருந்து அவன் படியேறினான். வெளிக்கதவை மூடினால் மட்டும் போதாதாம், வீட்டுக்குள் வருகிற விருந்தாளி போனிலிருந்தும் வழி இருக்கிறதாம். பெயர் கேட்கிற அந்தப் பக்கத்தை, பெட்டியில் ஒயர் செருகினால் மட்டும் திறக்கும்படி வைத்தான். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றினான். வருகிறவர் போகிறவருக்குத் தனி இணைப்பு பிரித்துக் கொடுத்தான். நானும் கூடவே போனேன். உதவிக்கில்லை. தன் தப்பை வீடு வீடாகச் சொல்கிறானா, மறைக்கிறானா என்று பார்க்கப் போனேன்.

பாவி, ஒரு வீடு விடாமல் சொன்னான். கேட்டவர்களுக்குக் கோபம் வரவேண்டாமா? “இந்தக் காலத்துல யாருங்க தானா வந்து சொல்றாங்க!” என்று நாற்காலி போட்டார்கள். “கண்டுபிடிச்சது இவர்தான்,” என்று என்னைக் காட்டினான். அவர்கள் என் கையிலிருந்த அவனுடைய சாமான் பையைப் பார்த்துவிட்டு, “நல்லது, கூடமாட ஒரு ஆள் வேணும்தான்,” என்றார்கள்.

ஐந்து வாரம் கழித்துக் கம்பெனி புது மென்பொருள் அனுப்பியது. இனிமேல் எழுத்தை எண்ணாமல் அது பிடிக்கிற இடத்தை அளந்துதான் உள்ளே விடுமாம். முப்பத்தொரு பெட்டியிலும் ஏற்றிவிட்டு, ஒரு இங்கிலீஷ் தாளை என்னிடம் கொடுத்தான். “கம்பெனி போட்ட அறிவிப்பு. கடைசி வரியில உங்க பேர் இருக்கு சகலை.”

நம்புவேனா? மருந்துக்கடை அம்மாவிடம் காட்டினேன். படித்தாள். என் பெயர், என் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு. குறையைக் கண்டுபிடித்துத் தெரிவித்தவர் என்று. அவன் பெயர் எங்கேயும் இல்லையா என்று மூன்று தடவை கேட்டேன். இல்லை.

வயிறு அப்போதுதான் உண்மையாகப் பற்றி எரிந்தது. இந்த ஒரு பெருமையாவது என்னுடையதாக இருக்கும் என்று பார்த்தால், அதையும் அவன் கையிலிருந்துதான் வாங்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து தாளை என் மனைவி முன்னால் வைத்து, விரலால் அந்த வரியைக் காட்டினேன்.

அவளுக்குக் கண் கலங்கியது. “அத்தானுக்கு எவ்வளவு பெரிய மனசு!”

“கம்பெனிக்கு எழுதினது அவன். கண்டுபிடிச்சது நான்.”

“சரி, நீங்கதான்.”

“என்ன சொன்னே?”

“நீங்கதான்னு சொன்னேன். சும்மா நோண்டாதீங்க.”

வாயை அடைக்கச் சொன்னாளா, மனசாரச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அவள் அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

“இன்னொரு தடவை சொல்லு.”