கொட்டகைக்குள் போன கார்

கார் வாங்கிய நாளிலிருந்து ஊர் அவரைக் கார்க்காரர் என்றே கூப்பிட்டது. நாலு கை மாறி வந்த வண்டிதான். ஆனாலும் காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு அல்லவா? கால் கழுவாமல் யாரும் அதில் ஏறக் கூடாது. கட்டிய மனைவிக்கும் அதே சட்டம். "உங்க காரும் வேணாம், கழுவலும் வேணாம்" என்று அவள் எங்கேயும் நடந்தே போவாள்.

அவளுக்குத் தொழில், நாற்று வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுப்பது. பச்சை நிழல்வலைக்குக் கீழே குழித்தட்டுகளில் தக்காளியும் மிளகாயும் நடவுக்குத் தயாராக நின்றன. அவளுடைய கோடைக்கால உழைப்பு மொத்தமும் அதுதான். ஆலங்கட்டி மழை வரலாம் என்று செய்தியில் சொன்னதும், விடியற்காலையிலேயே தட்டுகளைத் தகரக் கொட்டகைக்குள் அடுக்கிவிட்டு அண்ணன் வயலுக்கு உதவப் போனாள்.

அதே செய்தியைக் கார்க்காரரும் கேட்டார். நாற்றுக்கு மேலே வலையாவது இருக்கிறது, காருக்கு என்ன இருக்கிறது? தட்டுகளைப் பழையபடி வலைக்கடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, காரைக் கொட்டகைக்குள் விட்டுவிட்டார். புத்திசாலித்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டார்.

மேகம் கருத்ததும் மனைவி போன் செய்தாள். "என்னங்க, நாத்து பத்திரமா இருக்கா?"

"நான் இருக்கேன்ல, கவலைப்படாத."

போனை வைத்ததுதான் தாமதம், வானம் கல்லை வாரி இறைத்தது. வலை பழந்துணி மாதிரி கிழிந்தது. நாற்று போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? காரைப் பார்த்தார், வலையைப் பார்த்தார். பிறகு காரைப் பின்னால் எடுத்து மழையில் நிறுத்திவிட்டு, தலையில் ஒரு குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு ஓடினார். தட்டு தட்டாகத் தூக்கி உள்ளே வைத்தார். காரின் மேல் விழுந்த ஒவ்வொரு கல்லும் அவர் நெஞ்சிலேயே விழுந்தது.

மழை விட்டதும் மனைவியும் அவள் அண்ணனும் ஓடி வந்தார்கள்.

"என்ன மாப்பிள்ளை, முடிசூட்டு விழாவா?" என்றார் அண்ணன். அப்போதுதான் கார்க்காரருக்குத் தலையில் இருந்த குண்டான் ஞாபகம் வந்தது. "ஏம்மா, பாத்தியா? உன் நாத்துக்காகக் காரையே வெளிய விட்டிருக்காரு!"

"பின்ன?" என்றார் கார்க்காரர்.

அவள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். "தக்காளி ஒரு பக்கம், மிளகாய் ஒரு பக்கம்னு அடுக்கினேனே. இதென்ன, கலந்துகட்டி கெடக்கு?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? நடந்ததை ஒப்புக்கொண்டார். "தப்புதாம்மா. ஓரத்துத் தட்டு கொஞ்சம் போயிடுச்சு."

அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தாள். கல்லடியில் வீங்கியிருந்த அவர் விரல்கள் கண்ணில் பட்டன. அதற்குமேல் அந்தக் குண்டான். சிரித்துவிட்டாள்.

"வண்டிய எடுங்க. கடை மூடுறதுக்குள்ள புது வலை வாங்கணும்."

சேற்றுக் காலோடு கார்க் கதவைத் திறந்தவள் சட்டென்று நின்று, அவரைப் பார்த்தாள். "கால் கழுவிட்டு வரட்டுமா?"

முழங்கால் வரை சேறாயிருந்த கார்க்காரர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். "ஏறும்மா."

அவள் ஏறிக்கொண்டாள். குழி குழியான பானெட்டைக் கண்ணாடி வழியே பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"பாவங்க, நம்ம காரு."