கைப்பட்டை சொன்னதும் அண்ணன் சொன்னதும்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவள் அண்ணி. கொடுக்கும்போது அழுதுகொண்டிருந்தாள் என்று தொடங்கலாமா? (அழவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.)

அண்ணி வேலை பார்ப்பது ஒரு பரிசோதனைக்கூடத்தில். கை வாய்க்குப் போகிற விதத்தை வைத்தே, கட்டியிருப்பவர் சிகரெட் பிடிக்கிறாரா என்று சொல்லும் கைப்பட்டைகள் அங்கே வரும். அவை சொல்வது சரிதானா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. புகைப்பவர்களை கேமரா முன் உட்காரவைத்து ஒப்பிட்டாயிற்று. அடுத்து, புகைக்காத ஒருவர் கட்டிப் பார்க்க வேண்டும். பல் தேய்ப்பதையும் டீ குடிப்பதையும்கூடப் பட்டை சிகரெட் என்று உளறுகிறதா?

புகைக்காத ஆள் வீட்டிலேயே இருந்தான். என் அண்ணன். நெஞ்சில் ஆபரேஷன் ஆனதோடு சிகரெட்டை விட்டவன்.

2

சாயங்காலமானால் பட்டை சிகரெட் என்றது.

"டீ குடிச்சிருப்பேன்," என்றான் அண்ணன்.

"காலைல டீ குடிச்சப்ப அது ஒண்ணும் சொல்லலையே."

"அப்ப உன் மெஷின் பொய் சொல்லுது."

அண்ணன் முகம் வெளிறிப்போய்... (இல்லை. வெளிறியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவன் சிரித்தான். பொய் சொல்லும்போது அப்படித்தான் சிரிப்பான். உண்மையைச் சொல்லி யாரும் நம்பாதபோதும் அதே சிரிப்புதான்.)

3

மறுநாள் அண்ணி மூச்சுக்கருவியைக் கொண்டுவந்தாள். ஊதினால் போதும், புகைத்தது தெரிந்துவிடும்.

"ஊதுறேன்," என்றான். "ஒண்ணும் இல்லைன்னு வந்தா, நீ நம்புறது என்னையா, அதையா?"

அண்ணி கோபத்தில்... அண்ணி யோசித்து... தெரியவில்லை. கருவியைப் பைக்குள் வைத்துவிட்டாள். அது மட்டும் நிச்சயம்.

ஏன் என்று கேட்டேன்.

"ஊதியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்டி. யாருக்குன்னுதான் தெரியல."

4

முடிவை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அண்ணன் திருட்டுத்தனமாகப் புகைக்கிறான். மற்றதில் அண்ணி அவனை வீணாகச் சந்தேகப்பட்டிருக்கிறாள். இரண்டுமே பிடிக்கவில்லை. அவனுக்கே போன் போட்டேன்.

"கதைக்காகக் கேக்குறேன். சிகரெட் பிடிச்சியா, இல்லையா?"

"உங்க அண்ணி கேக்கச் சொன்னாளா?"

"இல்ல."

"அவ என்கிட்ட அதை இன்னும் கேக்கவே இல்லடி. மெஷினைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கா."

வைத்துவிட்டான்.

5

இப்போது அண்ணி, பட்டையைச் செய்த இன்ஜினியர் முன்னால் நிற்கிறாள்.

"மேடம், அந்த சாயங்காலப் பதிவெல்லாம் தப்பா, சரியா? ஏதாவது ஒண்ணு சொன்னாத்தான் பட்டையை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புறதா வேணாமான்னு முடிவு பண்ண முடியும்."

அண்ணி வாயைத் திறக்கிறாள். அவள் சொல்லப்போகும் வார்த்தைக்கு இங்கே இடம் விட்டிருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உடனே வேண்டாம். முதலில் அவளை வீட்டுக்கு ஒரு போன் போட விடுங்கள்.